புல்லுக்குப் போட்ட சாயம்

ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே எங்கள் பொது கோல்ஃப் மைதானம் இருக்கிறது. குடிதண்ணீருக்குப் பத்து நாள் காத்திருக்கிற ஊரில் கோல்ஃப் இல்லாத குறையை யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்துவிட்டார். அங்கே நான் டீக்கடை வைத்திருக்கிறேன். சாரதாமணியை ஆறு வருஷமாகத் தெரியும்.

குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி, பந்து உருளுவதற்கென்றே வைத்திருக்கும் இடத்துக்குக் கிரீன் என்று பெயர். ஒன்பது கிரீனுக்கும் ஒரே ஆள் சாரதாமணிதான். முன்பு குமாரபாளையத்தில் தறி ஓட்டியவள். துணியில் இழை அறுந்திருந்தால் தடவியே கண்டுபிடிப்பாளாம். இங்கே புல்லைத் தடவிப் பார்த்து, "வேர் காஞ்சுபோச்சுங்க, காலைல ஒரு மணி நேரம் மோட்டார் போடுங்க" என்று மைதானத்தை நடத்தும் கமிட்டியிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். போர்த் தண்ணீர் பூராவும் வாசல் நீரூற்றுக்குப் போனது. வருகிறவர்கள் செல்ஃபி எடுக்க வேண்டாமா? கிரீன் எல்லாம் வறுத்த ரவை நிறத்தில் கிடந்தன.

போட்டி நடத்தலாமா என்று பார்க்க, சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. போட்டி கிடைத்தால் சாரதாமணிக்கு நிரந்தர வேலை என்று கமிட்டிச் செயலாளர் ஜீவானந்தம் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். மகள் ஷாலினியை அவள் நர்சிங்கில் சேர்த்ததே அந்த வாக்கை நம்பித்தான்.

அதிகாரி வருகிற அன்று விடிந்ததும் ஜீவானந்தம் தன் சாயப்பட்டறையிலிருந்து இரண்டு டிரம் பச்சைச் சாயத்தோடு வந்து இறங்கினார்.

"புல்லுக்குச் சாயமாங்க?" என்றாள் சாரதாமணி.

"சேலைக்கு ஏறுது, புல்லுக்கு ஏறாதா? முப்பது வருசமா இதுதான் நம்ம தொழிலு. நீ அடி சாமி."

"கையில ஒட்டுதுங்க. இதுக்குத் தண்ணி உட்டிருந்தீங்கன்னா..."

"எனக்கே பாடம் எடுக்கறயா?"

மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தாள். பத்து மணிக்குள் ஒன்பது கிரீனும் புதுப் பிளாஸ்டிக் குடம் போல மின்னின. கமிட்டி கைதட்டியது.

அதிகாரி வெள்ளைப் பேண்ட்டில் வந்தார். முதல் கிரீனிலேயே, பந்து போகும் வாட்டத்தைப் பார்க்க மண்டியிட்டார். எழுந்தபோது இரண்டு முழங்காலும் பச்சை. பந்தும் பச்சை. கைக்குட்டையால் துடைத்தார், அதுவும் பச்சை. முப்பது வருஷ அனுபவம் பொய்யில்லை, துணிக்கு அருமையாக ஏறியது.

"யார் செஞ்ச வேலை இது?" என்று கத்தினார்.

கமிட்டியில் ஐந்து பேர். ஐந்து விரலும் சாரதாமணியை நோக்கி நீண்டன. முந்தி நீண்டது ஜீவானந்தத்தின் விரல், நகக்கண்ணில் பச்சையோடு.

"படிக்காத பொம்பளைங்க. சொல்லாம கொள்ளாம செஞ்சுபோட்டா."

அதிகாரிக்கு டீ கொண்டுபோயிருந்த என்னை அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்ண்ணா, நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்ண்ணா."

பார்த்தேன். டிரம் இறக்கும்போது அவருக்கு டீ கொடுத்ததே நான்தான். ஆனால் என் கடைக் குத்தகை அடுத்த மாதம் முடிகிறது, அதைப் புதுப்பிப்பது கமிட்டி.

"நான் கடைக்குள்ள இருந்தனுங்க, கவனிக்கலை" என்றேன்.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். இப்போது கிரீன் எல்லாம் பிளாஸ்டிக் புல். வெயிலில் கொதிக்கிறது என்று தினமும் காலையில் மோட்டார் போட்டு நனைக்கிறார்கள். எனக்குக் குத்தகையை மூன்று வருஷம் நீட்டித் தந்தார்கள். தங்கமான மனுஷர்கள்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் சாரதாமணியைப் பார்த்தேன். கூட ஷாலினி. படிப்பை நிறுத்திவிட்டு அவளும் அம்மாவோடு தறிக்குப் போகிறாளாம்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டாள் சாரதாமணி, எப்போதும் போல. பாவி, திட்டியாவது தொலைத்திருக்கலாம்.