சுசீந்திரத் தெருவில் ரூபியின் கார்

தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. தெருவின் நடுவில் ஒரு பழைய மோட்டார் கார் உறுமிக்கொண்டிருந்தது. அதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என் தோழி ரூபி. ஒரு பெண் கார் ஓட்டுவதை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பார்ப்பது போதாதென்று நான் அவள் பக்கத்தில் வேறு உட்கார வேண்டியிருந்தது.

ரூபியும் நானும் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் ஒரே அறையில் இருந்து படித்தவர்கள். அவள் வேலூருக்குப் போய் மருத்துவம் படித்து இப்போது நாகர்கோவிலில் லேடி டாக்டர். நான் இங்கேயே உபாத்தியாயினி ஆகிவிட்டேன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடமிருந்து அவள் இந்தக் காரை வாங்கி, திருநெல்வேலி மைதானத்தில் வளைய வளைய ஓட்டிப் பழகி, முதல் நெடும்பயணமாக என்னை அழைத்துப் போக வந்திருந்தாள்.

"ஏட்டி பொன்னு, பயந்தியா?" என்றாள், நான் கதவைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து.

"இல்லையே," என்றேன். வள்ளியூர் வரும்வரை அந்தக் கையை நான் எடுக்கவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் சுமார் ஐம்பது மைல். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று ஊர்கள் வருகின்றன. இடையில் பனைமரமும் உடைமரமும் செம்மண்ணும்தான். பணகுடி தாண்டியதும் காற்று காரைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. மேலே போட்டிருந்த கித்தான் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் ஏறும்போது முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. ரூபி அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினாள்.

திருவிதாங்கூர் எல்லை அங்கேதான். மகாராஜா சர்க்காரின் சவுக்கையில் வண்டிகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். முக்கியமாகப் புகையிலையைத் தேடுகிறார்கள். தலைப்பாகை கட்டிய சேவகர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"டிரைவர் எங்கே?"

"நான்தாம்," என்றாள் ரூபி.

"அது இல்ல. வண்டி ஓட்டிட்டு வந்த ஆளு எங்கேன்னு கேட்டேன்."

"அதும் நான்தாம்."

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பின் ஆசனத்துக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். தேடியது புகையிலையையா, நாங்கள் ஒளித்துவைத்த டிரைவரையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில், "பாத்துப் போங்க அம்மா, சந்தைக்கு மாடு வரும்," என்று மரியாதையாகவே சாலைக்குக் குறுக்கே கிடந்த தடியைத் தூக்கினார்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் வேறு உலகம். இதை நேரில் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? வறண்ட முற்றத்திலிருந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு தோட்டம் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மலையின் காலடி வரைக்கும் மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. வயல் முடிந்த இடத்தில் குளம், குளம் நிறையத் தாமரை, குளக்கரை ஏறினால் மறுபடி வயல். எங்கள் பக்கத்தில் தண்ணீரைத் தேடிப் போக வேண்டும். நாஞ்சில் நாட்டில் தண்ணீர் சாலையோடு கூடவே நடந்து வருகிறது.

மத்தியானம் கோட்டாறு. நாகர்கோவிலின் பழைய வியாபாரப் பேட்டை இது. ஒரு கட்டை வண்டி எதிரே வந்தால் கார் பின்னால் போக வேண்டும். அத்தனை நெருக்கமான தெருக்கள். நெசவுச் சேலைக் கடை, பாத்திரக் கடை, உப்பு மண்டி. மாதா கோயில் மணி அடித்து ஓய்வதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பேரம் அதன் பாட்டுக்கு நடக்கிறது. அந்த ஊர்க் காசு இரண்டு சக்கரத்துக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினோம். விரல் நீளம்கூட இல்லாத பழம். அதன் வாசனை நாகர்கோவிலை விட்டுக் கிளம்பும்வரை என் கைப்பையில் இருந்தது. அன்றிரவு ரூபி வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும். எனக்கு மரச்சீனி புதிது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன் என்று ரூபி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை பத்மநாபபுரம் போனோம். தக்கலைக்குப் பக்கத்தில் பழைய ராஜாக்களின் அரண்மனை. நம் ஊர் அரண்மனைகளைப்போல உயரமாக நின்று மிரட்டாது. தாழ்ந்த ஓட்டுக் கூரை, மரச் சுவர்கள், கதவுக்குக் கதவு வேறு வேலைப்பாடு. தரையோ கருப்புக் கண்ணாடி. குனிந்தால் முகம் தெரிகிறது. கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது என்று காவலாளி சொன்னார். ரூபி தன் முகத்தைத் தரையில் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

அங்கிருந்து நெய்யூர். மிஷன் ஆஸ்பத்திரிக்கு எதிரே மரத்தடியெல்லாம் மாட்டுவண்டிகள். மலையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும், எங்கள் சீமையிலிருந்தும்கூட வந்து தங்கியிருக்கிறார்கள். ரூபி சில மாதம் அங்கே வேலை பழகியவள். காரை நிறுத்தியதும் ஒரு வயதான மீன்காரப் பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்கா, நீயா ஓட்டிட்டு வந்த? கொள்ளாம்," என்றாள். இந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைத்தான் ரூபி பெரிதாக வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ரூபி சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு வட்டக்கோட்டைக்குக் கிளம்பினோம். கருங்கல் கோட்டை; மதிலின் மேல் வண்டி போகும் அளவு அகலம். ஒரு பக்கம் அலை வந்து கல்லில் மோதுகிறது, திரும்பினால் மலைவரிசை. காற்றில் பேச முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். கன்னியாகுமரிக்கு வந்தபோது உச்சி கழிந்திருந்தது. மூன்று கடலும் சேரும் இடத்தில் காலை நனைத்தோம். கரையில் மணல் ஓரிடத்தில் சிவப்பு, ஓரிடத்தில் கருப்பு. அம்மன் கோயில் நடை சாத்தியிருந்தது.

"நடை சாத்தினதுல உனக்குச் சந்தோஷம்," என்றாள் ரூபி.

அவள் சொன்னது சரி.

இதை விளக்க வேண்டும். சென்ற ஐப்பசிக் கடைசியில் திருவிதாங்கூர் மகாராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார். பிறப்பால் எந்த இந்துவுக்கும் சர்க்கார் கோயில்களில் தடை இல்லை என்று உத்தரவு. எங்கள் சாதிக்காரர்களுக்கு அதற்கு முன் கோயில் என்பது வெளியிலிருந்து பார்க்கிற கோபுரம். திருநெல்வேலியில் இன்றும் அப்படித்தான். சிறு வயதில், அப்பா இருந்த நாளில், அவர் என்னைக் கோயில் வாசலுக்கு எதிரே தோளில் தூக்கி நிறுத்துவார். "உள்ளே தூரத்துல ஒரு வெளிச்சம் தெரியுதா? அதான் சாமி," என்பார். எனக்குத் தெரிந்ததில்லை. தெரிகிறது என்று சொல்லிவிடுவேன். நான் பயணம் வந்தது கடலைப் பார்க்க மட்டுமல்ல. அந்த வாசலைத் தாண்டவும்தான்.

"பயமா இருக்குட்டி," என்றேன். "யாராவது ஏதாவது சொல்லிட்டா?"

"உத்தரவு போட்டாச்சு. பின்னே என்ன? சுசீந்திரத்துல சாயங்காலம் நடை திறப்பாவ. நான் கொண்டு விடுதேன்."

சுசீந்திரம் நாகர்கோவிலுக்கு மூன்று மைல் இப்பால். நாலரை மணிக்குக் குளக்கரையைச் சுற்றிக்கொண்டு கார் ஊருக்குள் நுழைந்தது. வெள்ளைக் கோபுரம் முழுசாகத் தெப்பக்குளத்தில் தலைகீழாக நின்றது. சில வருஷம் முன்புவரை கோயிலுக்குள் மட்டுமில்லை, கோயிலைச் சுற்றிய இந்தத் தெருக்களிலேயே எங்கள் ஆட்கள் நடக்க முடியாது. நடந்து பார்ப்போம் என்று வந்து நின்றவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். ரூபி நேரே கோயில் வாசலுக்குப் போகவில்லை. ரப்பர் ஹாரனை அமுக்கி அமுக்கித் தேரோடும் தெருவை ஒரு சுற்று முழுசாக ஓட்டினாள். வாசல்களில் ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகுதான் கோபுரத்துக்கு எதிரே நிறுத்தினாள்.

"இறங்கு."

"நீ?"

"நான் கிறிஸ்துவ வேதக்காரி. எனக்கு உள்ளே போவக்கூடாது." சிரித்தாள். "எங்க பாட்டாவுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாம வேதத்துல சேந்தாரு. அதுல எங்களுக்குத் தெரு கிடைச்சுது, பள்ளிக்கூடம் கிடைச்சுது. உங்க பாட்டா காத்திருந்தாரு. இப்பம் உனக்குக் கோயிலு. போ, போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

அவளுடைய முன்னோரும் என் முன்னோரும் ஒரே சாதிதான். இத்தனை வருஷப் பழக்கத்தில் இதை நாங்கள் பேசிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை.

செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். வாசற்படிக்கு முன்னால் நின்றேன். யாரும் தடுக்கவில்லை. தடுக்க ஆள் இல்லாதபோதும் கால் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் ரூபி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியைத் தாண்டினேன்.

உள்ளே எத்தனை பெரிய கோயில்! நீண்ட பிராகாரம், இரண்டு பக்கமும் தூண்தோறும் விளக்கேந்திய கற்பெண்கள். சுண்ணாம்பினால் ஆன பெரிய நந்தி. அண்ணாந்து பார்க்க வேண்டிய அனுமார். ஒரே கல்லில் செதுக்கிய தூண் கொத்துகளை மேளக்காரர் ஒருவர் எனக்காகத் தட்டிக் காட்டினார். ஒன்று வீணைபோல ஒலித்தது, ஒன்று மிருதங்கம்போல. கல்லில் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் அடங்கிய பிறகும் கல் நடுங்கிக்கொண்டிருந்தது.

சிவனும் விஷ்ணுவும் பிரம்மாவும் ஒரே மூர்த்தியாக இருக்கும் சந்நிதிக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்றது. நான் எல்லோருக்கும் பின்னால், ஒரு தூணோடு ஒட்டி நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் என்னைப் பார்த்தார். காதில் வைரத்தோடு, நெற்றியில் நீறு.

"எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அங்க நீங்க என்ன ஆளுவ?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் வழியெல்லாம் பயந்தேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். என் சேலையும் பேச்சும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்காது. ஆனால் பொய் சொல்லி உள்ளே வருவதானால் என்றோ வந்திருக்கலாமே. எங்கள் சாதியைச் சொன்னேன்.

அந்த அம்மாளின் கை தானாகச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டது. அதையும் பார்த்தேன். முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். மணி அடிக்கத் தொடங்கியது. நான் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தேன். முன்னால் நின்றவர்களின் தலைதான் தெரிந்தது.

அவர் மறுபடி திரும்பினார். நான் எட்டுவதைப் பார்த்தார்.

"அங்க நின்னா ஒண்ணும் தெரியாது," என்றார். "முன்னால வந்து நில்லு."

விலகி வழிவிட்டார். நான் முன்னால் போய் நின்றேன். தீபாராதனைச் சுடர் எழுந்தது. தூரத்து வெளிச்சமாக அல்ல, அந்தச் சூடு முகத்தில் படுகிற பக்கத்தில். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

வெளியே வந்தபோது ரூபி காரைச் சுற்றிக் கூடியிருந்தவர்களுக்கு ஹாரனைக் காட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவர்களை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். நாகர்கோவில் வரும்வரை சொன்னேன்: நந்தி, அனுமார், விளக்குப் பெண்கள், அந்த அம்மாள். பாடும் தூண்களிடம் வந்ததும் சொல் போதவில்லை. பாடிக் காட்டினேன். எனக்குச் சுருதி சேராது.

"கல்லு இப்படியா பாடிச்சு?" என்றாள் ரூபி. "பாவம், அதுக்குத் தொண்டைக் கட்டு. நெய்யூருக்குத்தான் கொண்டு போணும்."

இருவரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு அவள் சாலையைப் பார்த்தபடி, "எனக்கும் ஒரு தடவ அதைத் தட்டிப் பாக்கணும்னு உண்டு," என்றாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் கையை வைத்தேன். "எடுட்டி, வண்டி வயலுக்குப் போவும்," என்றாள்.

திங்கட்கிழமை காலை திரும்பினோம். கணவாயைத் தாண்டியதும் பச்சை முடிந்து பனைமரங்கள் தொடங்கின. திருவிதாங்கூரைப் பற்றி எங்கள் பக்கத்தில் பலதும் குறை சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எல்லை என்பது ஒரு தடிதான். அதற்கு அந்தப் பக்கம் நான் சந்நிதியில் நிற்கலாம், இந்தப் பக்கம் தெருவில் நிற்க வேண்டும். சாமியும் ஒன்று, நானும் ஒருத்திதான்.

மத்தியானம் வீட்டில் அம்மாவிடம் பிரசாதச் சந்தனத்தைக் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன். அம்மா ரூபிக்கு இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அப்புறம்தான் அவளிடம் கேட்டாள்:

"ஏம்மா, அந்தக் காருல பின்னால எத்தனை பேரு உக்காரலாம்?"

"ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம், அம்மா."

"நான் ஒருத்திதான்," என்றாள் அம்மா.