காக்பிட்டில் உட்கார்ந்திருந்தவர்

போர் விமானம் செய்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். பிளாஸ்டிக்கில், ஒரு சாண் நீளத்தில் என்று சேர்த்ததும் அது இறங்கிவிடும். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நரைத்த மீசையோடு ஒருவன் பிளாஸ்டிக் துண்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. யாராவது வந்தால் என் மனைவி, "உள்ளே வேலையா இருக்காரு" என்பாள். குடிகாரனின் மனைவி சொல்லும் அதே குரலில்.

அப்போது நான் செய்துகொண்டிருந்தது 'நாட்' என்ற குட்டிப் போர் விமானம். நம் விமானப்படையில் ஒரு காலத்தில் பறந்தது. கொசுவின் தூரத்து உறவுக்காரப் பூச்சி ஒன்றின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். வெளியே சாயம் பூசுவது யாராலும் ஆகும். என்னைப் போன்றவர்களின் பெருமை எல்லாம் காக்பிட்டில், அதாவது விமானி உட்காரும் குழியில் இருக்கிறது. அங்கே உள்ள டயல் பலகை, என் மாடலின் அளவில், சுண்டுவிரல் நகம்தான். அந்த நகத்தின் மேல் ஒவ்வொரு டயலையும் ஊசி முனையால் வரைய வேண்டும். பிறகு மேலே கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டால் ஓர் எறும்பு உள்ளே போய்ப் பார்த்தால்தான் உண்டு. இருந்தாலும் அந்த எறும்பு நம்மைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.

இதற்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. பல நாட்டு ஆண்கள், அனேகமாக எல்லோருமே மனைவியிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டவர்கள், காக்பிட்டின் உட்சுவர் எந்தச் சாம்பல் நிறம் என்று சண்டை போடுவார்கள். அதற்கு வடகலை தென்கலை வழக்கே தேவலை. அங்கே நான் ஒரு நாள் வாயை விட்டேன். டயல் பலகையின் ஓரத்தில் ஸ்விட்சுகள் ஒரு வரிசை என்றது மாடல் பெட்டியோடு வந்த படம். நம் நாட்டு விமானங்களில் இரண்டு வரிசை என்றேன் நான். எங்கே பார்த்தேன் என்று கேட்டார்கள். எங்கேயும் பார்க்கவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான் என்று ஆதாரம் தேட ஆரம்பித்தேன்.

ஆதாரம் கடப்பாக்கத்தில் ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் என் எதிர் நாற்காலிக்காரர் அங்கே பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டியிருந்தார். தை மாதம் வீட்டுப் பிரதிஷ்டை. பாஸ்டர் ஜெபம் முடித்து, எல்லோரும் பிரியாணிக்கு நகர்ந்தபோது நான் கூடத்திலேயே நின்றுவிட்டேன். சட்டமிட்ட கறுப்பு வெள்ளைப் படம். ஏணியின் மேலிருந்து யாரோ எடுத்தது. நாட் விமானத்தின் காக்பிட், திறந்த மூடி, டயல் பலகை அவ்வளவு துல்லியமாக. நடுவில் ஒரு ஆளும் இருந்தார்.

அது என் நண்பரின் அப்பா. நான் அவ்வளவு நேரம் நின்றது நண்பரின் மனதைத் தொட்டிருக்க வேண்டும். பிரியாணித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று கதை சொன்னார். படாளம் பக்கம் ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அப்பா எட்டாவதோ பத்தாவதோ முடித்துவிட்டு விமானப்படைக்குப் போனார். பறக்க அல்ல, பறப்பவற்றின் திருகாணிகளை இறுக்க. விமானி இருக்கையில் அவர் உட்காரவே கூடாதாம். யாரும் இல்லாத நேரத்தில் கூட்டாளி ஒருவர் "ஏறுடா" என்று சொல்லி எடுத்த படம். அப்பா இறந்து வருஷங்கள் ஆயின. கல்யாணப் படத்திலும் பென்ஷன் புத்தகத்திலும் விளக்கெண்ணெய் குடித்தவர் போல் இருப்பாராம். இந்த ஒரு படத்தில்தான் அவர் அவராக இருக்கிறார் என்று அம்மா சொல்வாராம்.

இதையெல்லாம் நான் பாதிக் காதில் வாங்கிக்கொண்டேன். மீதிக் காது ஸ்விட்சுகளை எண்ணிக்கொண்டிருந்தது. அனுமதி கேட்டுப் போனில் வளைத்து வளைத்துப் படமெடுத்தேன். குழுவில் போட்டேன். பாராட்டு வந்தது. பெயர் வாயில் நுழையாத ஊர்க்காரர் ஒருவர் மட்டும், ஓரம் பிரேம் கட்டைக்கு அடியில் போகிறதே, உங்கள் இரண்டாவது வரிசை அங்கேதான் இருக்கிறதா என்று ஒரே வரியில் கேட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, அரைக் கிலோ மைசூர்பாகோடு மறுபடி போய் நின்றேன். பிரேமைக் கழற்றி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மாட்டிவிடலாம் என்றேன். நண்பர் தயங்கினார். மேலதிகாரி இல்லைதான், இருந்தாலும் நான் அவருக்கு மூத்தவன். உள்ளிருந்து அவருடைய அம்மா வந்தார். கட்டையான உடம்பு, நேரான பேச்சு.

"அது இன்னாத்துக்கு கயட்டணும்? மாட்டினபடியே கீது. இருக்கட்டும்."

நான் சிரித்து, இதெல்லாம் எனக்குத் தினப்படி வேலை அம்மா என்றேன்.

அப்படிச் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. மாடல் விமானத்தில் எழுத்து, எண், வட்டச் சின்னம் எல்லாம் டீகால் என்ற மெல்லிய படச்சீட்டாக வரும். தண்ணீரில் நனைத்தால் தாளிலிருந்து வழுக்கிக்கொண்டு கழன்று வரும். தூரிகையால் நகர்த்தி இடத்தில் வைத்து, துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். இதை நான் ஆயிரம் தடவை செய்திருப்பேன். பிரேமின் பின் அட்டையை எடுத்தபோது படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. கடலோர வீடு, எத்தனையோ வருஷ உப்புக் காற்று. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். வாங்கி, பையிலிருந்து தூரிகையை எடுத்தேன். தூரிகை கொண்டு போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓரத்தில் ஈரம் ஏற ஏற, தாள் அழகாக எழுந்து வந்தது. டயல் பலகை முழுசாக வந்தது. கொஞ்சம் தைரியமாக இழுத்தேன். நடுவில் சின்னதாக ஒரு சத்தம். முகம் மட்டும் தாளோடு வராமல் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. தாளில் சட்டைக் காலருக்கு மேலே வெள்ளை. கண்ணாடியில் இருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம். ஆனால் கை பழக்கத்தில் போய்விட்டது. துணியை எடுத்து ஒற்றினேன். ஊறியிருந்த முகம் துணியோடு இழுபட்டுக் கரிப்பூச்சானது.

அந்தக் கணத்தில் என் கண் எங்கே போயிற்று என்றால், தாளின் ஓரத்துக்கு. ஸ்விட்சுகள் ஒரே வரிசை.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அம்மா கண்ணாடியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி மேஜையில் வைத்தார். நண்பர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார்.

"ஒண்ணும் பிரச்சன இல்லம்மா. சாரு அன்னிக்கே போன்ல எடுத்துகினு போனாரே. ஸ்டுடியோல குடுத்தா பெருசு பண்ணிக் குடுத்துடுவான். சார், போன எடுங்க."

எடுத்தேன். என் இரண்டு தோளுக்கும் மேலாக இருவரும் எட்டிப் பார்த்தார்கள். முதல் படம், டயல். தள்ளினேன். டயல், இன்னும் கிட்டத்தில். ஸ்விட்ச். இருக்கைப் பட்டையின் கொக்கி. டயலும் ஒரு முழங்கையும். கண்ணாடியில் விழுந்த என் தலை நிழலும் டயலும். ஒன்றில் காதும் கிருதாவும் வந்திருந்தன. அதில் என் விரல் நின்றது. அதற்கு மேல் தள்ளினால் எங்கள் வீட்டுப் பூனைக்குட்டியின் படம்தான் வரும்.

"மூஞ்சி எங்க?" என்றார் அம்மா. குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. நான் அதை வேறெங்கோ பத்திரமாக வைத்திருப்பேன் என்று நம்பிக் கேட்டது.

பிரதிஷ்டை ஆல்பம் இருக்கிறதே என்று நண்பர் உள்ளே ஓடினார். கூடத்துச் சுவர் பல படங்களில் இருந்தது. விருந்தாளிகள், கேக், பாஸ்டர். எல்லாவற்றிலும் பின்னணியில் அந்தப் படத்துக்கு நேர் முன்னால், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வழுக்கைத் தலை. மதியம் முழுக்க ஒருவன் அங்கேயே நின்றிருக்கிறான். நண்பர் பக்கங்களைப் புரட்டுவதை மெல்லக் குறைத்து, ஆல்பத்தை மூடினார். எனக்கு டீ வேண்டுமா என்று கேட்டார்.

ஸ்டுடியோச் செலவு என்னுடையது என்று நான் சொன்னதை அவர்கள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மாமல்லபுரத்தில் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யும் ஆள் ஒருவர் இருந்தார். மறு வாரம் மூவரும் போனோம். கல்யாணப் படம் இருந்தால் முகத்தை எடுத்து இதில் பொருத்திவிடலாம், வயசைக்கூடச் சரிபண்ணலாம் என்றார் அவர். ஜாடை வந்துவிடும். ஆனால் கல்யாணப் படத்தில் விளக்கெண்ணெய் முகம். இதில் எப்படி இருந்தார் என்று கேட்டார்.

"சிரிச்சிகினு இருந்தாரு," என்றார் நண்பர். "பல்லு தெரியும்."

"பல்லு தெரியாதுடா. வாய மூடிகினு சிரிப்பாரு. அவுரு கண்ணுதான் சிரிக்கும்."

"யம்மா, நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன்."

"நான் அதுக்கு முன்னாலேர்ந்து பாக்கறேன்."

ஸ்டுடியோக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே சுற்றுலா பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ சொல்லு. நாங்க போற வர்றப்ப பாக்கறதுதான். நீதான் சோத்துத் தட்ட கையில வெச்சிகினே நின்னு அவரயே பாத்துகினு இருந்த. பல்லு தெரிஞ்சிச்சா?"

எனக்கு அந்தப் படத்தில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். உயரமானி, வேகமானி, திசைகாட்டி, ஒரு டயலின் கண்ணாடியில் இருந்த கீறல் உட்பட. அவருடைய முகத்தை நினைத்துப் பார்த்தேன். காலருக்கு மேலே வெள்ளையாக இருந்தது. எனக்கு அது முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஸ்விட்சுக்கு ஆதாரம் தேடி மாதக்கணக்கில் அலைந்தவன் நான். தெரியாது என்றால், அன்று மதியம் முழுக்க நான் என்ன பார்த்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவர் அதுவரை அதை யோசிக்கவில்லை. தன் புருஷனை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்தார் என்ற எண்ணம் ஒன்றுதான் என்னை அவர் மன்னித்ததற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

"தெரிஞ்சதும்மா," என்றேன். "லேசா. முன் பல்லு."

"நான் சொல்லல?" என்றார் நண்பர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பொதுவாக என்னைப் பற்றிய எந்தச் செய்திக்கும் அவளிடம் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். அன்று சாதம் மட்டும் போட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு, "போய் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடுங்களேன்" என்றாள். அடுத்த ஞாயிறு போகிறேன் என்றேன். அதற்குள் படம் தயாராகிவிட்டது.

நான் போனபோது அது சுவரில் மாட்டியாகியிருந்தது. ஸ்டுடியோக்காரர் கெட்டிக்காரர். பழைய படம் எது, ஒட்டிய முகம் எது என்று கண்டுபிடிக்க முடியாது. காக்பிட்டில் ஓர் இளைஞர் உட்கார்ந்து, முன் பற்கள் தெரியச் சிரிக்கிறார். என்னிடம் கேட்டால், விளம்பரத்துக்குச் சிரிப்பவர் போல் இருக்கிறது என்பேன். யாரும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லத்தான் வந்திருந்தேன்.

அம்மா டீயோடு வந்து என் பக்கத்தில் நின்றார். அவரும் படத்தைப் பார்த்தார்.

"மொதல்ல பாத்தப்ப இது அவுரு இல்லன்னு தோணிச்சி," என்றார். "தெனம் பாக்கப் பாக்க சரியாத்தான் கீது. எனக்குத்தான் மறந்துபூட்ச்சி பாரு தம்பி. கூட வாழ்ந்தவ, வாய மூடிகினு சிரிச்சாருன்னு சாதிச்சேன். நீ இல்லன்னா தப்பாவே பண்ணியிருப்பாங்க."

டம்ளரை என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. குடித்தேன்.