ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு படுக்கை காலி

சோலைராஜ் ஹெப்சிபா (1992–2024) செட்டியார்பட்டியில் பிறந்தவர். தந்தை சோலைராஜ் விசைத்தறித் தொழிலாளி, தாய் கிருபாபாய். வணிகவியல் பட்டம் பெற்று, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றும் பணியில் ஏழாண்டுகள் இருந்தார். 2020-இல் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. வேலையை விட நேர்ந்தது. ராஜபாளையத்தில் டயாலிசிஸ் செய்யும் மருத்துவமனையில் இடம் இல்லாததால், திங்களும் வியாழனும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த இன்னொரு மருத்துவமனைக்குத் தாயுடன் பேருந்தில் சென்றுவந்தார்.

ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஊசி ஏற்றிய இடக்கையை அசைக்கக் கூடாது. வலக்கை சும்மா இருந்தது. அந்த ஒரு கையால், மடிக்கணினியில் இலவச இணையப் பாடங்களைப் பார்த்து அவர் நிரல் எழுதக் கற்றார்.

"ஏட்டி, ஒத்தக் கையால என்னத்தத் தட்டிக்கிட்டுக் கெடக்க? செத்த நேரம் கண்ணை மூடு" என்பார் கிருபாபாய்.

"மூடுனா மிஷின் சத்தந்தாம்மா கேக்குது. இதுல இருந்தா கேக்கல."

2022 மார்ச்சில் ஒரு திங்களன்று அடுத்த படுக்கைக்கு ஒரு புதியவர் வந்தார். பெயர் சுயம்புலிங்கம், சேத்தூரில் மாந்தோப்புக் காவலர். ராஜபாளையம் மருத்துவமனையில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகி, இரண்டு நாள் இடம் தேடி அலைந்திருந்தார்.

"எம்புட்டுப் போன் போட்டாலும் எடுக்க ஆளில்ல. வந்ததும் வந்தோம், பால்கோவா வாங்கித் திங்கலாம்னா அதுவும் ஆகாதுங்காவ. இந்த ஊருக்கு இப்பிடியொரு விருந்தாளி வந்திருக்க மாட்டான்" என்றார். ஹெப்சிபா சிரித்தார். ஆனால் அன்றே, தாம் கற்றது எதற்குப் பயன்பட வேண்டும் என்று முடிவு செய்தார்: எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்பதை நோயாளி வீட்டிலிருந்தே கைபேசியில் அறிய வேண்டும்.

முதலில் இரண்டு மருத்துவமனைகளின் படுக்கைக் கணக்கையும் ராஜபாளையத்தில் ஒரே கணினியில் வைத்தார். அங்கே மின்சாரம் போனால், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் தம் படுக்கைகளின் நிலவரத்தையே பார்க்க முடியவில்லை. ஆகவே இரண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனி வெப் சர்வீஸ். ஒன்று மற்றொன்றிடம் இணையவழியே கேள்வி கேட்டுப் பதில் பெறும். இதை எழுத ஐந்து மாதங்களும், இரண்டு இடங்களிலும் நிறுவி ஓடச் செய்ய மேலும் இரண்டு மாதங்களும் ஆயின.

ஒரு கேள்வி எஞ்சியது. மறுபக்கம் பதிலே சொல்லாவிட்டால் என்ன காட்டுவது?

"ஒண்ணுமே காட்டலைன்னா சனங்க பதறிப் போவாங்கக்கா" என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் டயாலிசிஸ் டெக்னீசியன் மாரீஸ்வரன். "கடைசியா வந்த பதிலையே காட்டிருங்க." ஹெப்சிபாவுக்கும் அதுவே சரியென்று பட்டது. அவ்வாறே எழுதினார். ஓராண்டு ஒரு குறையும் நேரவில்லை. அதை நம்பி முதலில் புறப்பட்டவரும், பிறரிடம் சொல்லி நம்ப வைத்தவரும் சுயம்புலிங்கமே.

2023 நவம்பர் 6, திங்கள். விடிவதற்கு முன் மழையில் கேபிள் அறுந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனையின் இணைய இணைப்பு நின்றது. அதே காலையில் ராஜபாளையத்துச் சுத்திகரிப்பு இயந்திரம் மீண்டும் பழுதானது. 'ஸ்ரீவில்லிபுத்தூர்: இரண்டு படுக்கை காலி' என்று, ராஜபாளையத்தில் சிகிச்சை பெற்றுவந்த சுயம்புலிங்கத்தின் கைபேசி காட்டியது. அது முந்தைய இரவின் பதில். அவ்விரண்டு படுக்கைகளும் காலை ஆறு மணிக்கே நிரம்பிவிட்டிருந்தன.

இரண்டு பேருந்து மாறி, நனைந்துகொண்டு சுயம்புலிங்கம் வந்து நின்றபோது ஹெப்சிபா படுக்கையில் இருந்தார்.

"என்ன தாயி, காலின்னுல்லா போட்டிருந்த?"

"மாமா, நான் எறங்கிக்கிடுதேன். மாரீஸ், ஊசியை எடு."

"பாதியில எறங்குனா ஒனக்கு ஆவாது. நீ கெட தாயி. எனக்கு மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு, நாளைக்கு வாரேன்."

மறுநாள் காலைக்கு மாரீஸ்வரன் இடம் எழுதிக்கொண்டார். அன்றிரவே சுயம்புலிங்கத்துக்கு மூச்சுத் திணறியது; மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார்.

ஹெப்சிபா சேத்தூருக்குத் துக்கம் கேட்கச் சென்றார். சுயம்புலிங்கத்தின் மனைவி கருத்தம்மா அழுது ஓய்ந்திருந்தார்.

"அத்தை, அந்தப் போன்ல வருதது நான் எழுதுனது. பதில் வராமலே வந்த மாதிரி காட்டிருச்சு."

கருத்தம்மா, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கப்படாதா தாயி?" என்றார். "அவிய வீட்டுலயே இருந்து நாலு போன் போட்டுப் பாத்திருப்பாவளே."

அன்றே ஹெப்சிபா சேவையை நிறுத்தினார். நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும் என்று மாரீஸ்வரன் சொன்னதை அவர் ஏற்கவில்லை. இணைப்பு அறுந்தால், மின்சாரம் போனால், பதில் தாமதமானால், பாதிப் பதில் வந்தால் என்று ஒவ்வொன்றையும் தனியே சோதித்தார். இதற்குள் அவருடைய இடக்கை இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. டயாலிசிசுக்காகக் கழுத்தில் குழாய் பொருத்தினார்கள். பிப்ரவரியில் அதில் கிருமி தொற்றி, மதுரையில் பதினாறு நாள் கிடந்தார். திரும்பி வந்தபின் விரைவாகத் தட்டச்சு செய்ய முடியவில்லை. தாம் முடிக்காவிட்டால் பழைய நிரலையே யாரேனும் மறுபடி ஓடவிட்டுவிடுவார்கள் என்று அஞ்சினார்.

மார்ச் இரண்டாம் வாரம் ராஜபாளையத்தில் புதியதை நிறுவினார். அதே வார வியாழனன்று, இயந்திரத்தில் ஏறுவதற்கு முன், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிறுவிவிட்டு, இணையக் கம்பியைப் பிடுங்குமாறு மாரீஸ்வரனிடம் சொன்னார். ராஜபாளையத்தின் பக்கத்தைத் தம் கைபேசியில் திறந்து வைத்திருந்தார். ஐந்து விநாடி கழிந்ததும், 'ஸ்ரீவில்லிபுத்தூர்: தெரியவில்லை. பேசிக் கேட்டபின் புறப்படவும்' என்று வந்தது. கீழே மாரீஸ்வரனின் கைபேசி எண்.

"செருகட்டுமாக்கா?"

"இன்னொருக்கா பாத்துக்கிடுதேன்."

இரண்டாம் முறையும் அவ்வாறே வந்தது. கம்பியைச் செருகச் சொன்னார். அடுத்த திங்களன்று அவர் டயாலிசிசுக்கு வரவில்லை, ஞாயிறன்றே இறந்திருந்தார். இரண்டு சேவைகளையும் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டதே அவர் கடைசியாகச் செய்த வேலை. நாள்: 2024 மார்ச் 14, வியாழன், முற்பகல் 11.20.