மூலை பார்க்கும் முனியம்மா

செங்கம் ரோட்டில் எங்கள் விடுதியில் வேலை பார்த்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் வாஷிங் மெஷினுக்காக பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். முனியம்மா முந்தின நாள் பிரித்துக் கட்டிய நான்கு துணி மூட்டைகள் பக்கத்தில் இருந்தன. வாட்ச்மேன் வந்து, "சாந்தா, முனியம்மா செத்துட்டாம்மா" என்றார். "எந்த முனியம்மா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முனியம்மாதான். பக்கெட் நிரம்பி வழிந்து கால் நனைந்ததுகூடத் தெரியவில்லை.

நாற்பது வயது. விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். வீட்டுக்காரர் சொம்பில் தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். இது என்ன அநியாயம்? முந்தின நாள் சாயங்காலம்தான் என் கொண்டையைக் கிண்டல் செய்துவிட்டுப் போனாள். அவளைப் பற்றி நீங்கள் எல்லோரும் நம்பும் பொய் ஒன்று உண்டு. அவள் உயிரோடு இருக்கும்போதே அதை உடைத்திருக்க வேண்டியவள் நான்.

எழுபதுகளில் விடுதி தொடங்கியபோது இருபது வயதில் வந்து சேர்ந்து, கல்லில் அடித்துத் துவைத்தவள் அவள். எண்பதுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதலாளி மெட்ராஸிலிருந்து மெஷினை வாங்கி வந்து இறக்கினார். இனி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தோம். "மெஷினுக்கு ஏதுடி கண்ணு? நாமதான் பாத்துப் போடணும்" என்றாள் முனியம்மா. வெள்ளை தனி, கலர் தனி, சாமியார்களின் காவி தனி, கனத்த துண்டுகள் தனி. சட்டையை உள்பக்கம் திருப்புவாள், பைஜாமா நாடாவை முடிவாள், பைகளை உதறுவாள். கோயிலுக்குப் போய் வந்தவர் பையில் குங்குமப் பொட்டலம் இருக்கும். தப்பித்தவறி உள்ளே போனால் மொத்தத் துணியும் சிவந்துவிடும். ஒரு வெள்ளைக்காரர் ஜிப்பாவிலிருந்து ஏழு பொட்டலம் எடுத்தாள். "இவரு கோயிலயே வூட்டுக்குத் தூக்கினு போறாரு" என்றாள். பொட்டலங்களைத் தட்டில் வைத்து அவர் அறைக்கே அனுப்பினாள்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்கு வைத்துக் கொடுக்க வேண்டிய புதுவேட்டிகள் வழியில் மழையில் நனைந்து சேறாகியிருந்தன. முனியம்மா கொடிக்கயிறு கட்டிக்கொண்டே, "மூல பாத்தியாடி?" என்று கேட்டாள். புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும், அதைத் தனியாக அலச வேண்டும் என்று நூறு முறை சொல்லியிருந்தாள். எனக்கு எரிச்சல். "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றேன். பார்க்கவில்லை. அத்தனையையும் சோடாப் பவுடரோடு சேர்த்துப் போட்டேன்.

வெளியே எடுத்தபோது வேட்டியெல்லாம் சிவப்புத் திட்டு. அந்த நேரம் பார்த்து, எங்கள் விடுதியிலேயே தங்கியிருந்த மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றாள். "அய்யய்யோ, ரத்தக் கறையா கீதே! இந்தக் கல்யாணமே வாணாம்" என்று கத்தினாள். பெண்ணின் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முனியம்மா சமையலறைக்கு ஓடி, எலுமிச்சம்பழத்தோடு வந்து அவர்கள் கண்முன்னே ஒரு திட்டின் மேல் பிழிந்தாள். சிவப்பு மஞ்சளாக மாறியது. "வெறும் மஞ்சதாம்மா. சோடா பட்டா செவக்கும், புளிப்பு பட்டா திரும்பிடும். கல்யாணத்துக்கு மஞ்ச வேட்டி ஆவாதா?" எல்லா வேட்டியையும் எலுமிச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தோம். காலையில் இளமஞ்சள் வேட்டிகளோடு கல்யாணம் நடந்தது.

யார் போட்டது என்று முதலாளி கத்தினார். நான் வாய் திறப்பதற்குள், "நாந்தாங்க" என்றாள் அவள். பிறகு என்னிடம் சொன்னாள்: "நீ புதுசு, தொரத்திடுவாரு. என்னத் திட்டுவாரு, அவ்ளோதான்." ஆனால் அவர் திட்டியதோடு விடவில்லை. மெஷின் பக்கமே வரக்கூடாது என்று அவளை அறை பெருக்க அனுப்பிவிட்டார். மெஷின் வேலை முழுக்க எனக்கு வந்தது. அதன் பிறகும் அறைகளில் துணி வாங்கும்போதே பை பார்த்து, மூலை பார்த்து, வகை பிரித்துக் கட்டித்தான் எனக்கு அனுப்புவாள். என் கையில் ஒரு துணிகூடக் கெட்டதில்லை என்று நீங்கள் மெச்சினீர்களே, அது என் கை இல்லை.

சாவு வீட்டில் முதலாளி, "நல்ல பொம்பள. அந்த வேட்டி விஷயத்துல மட்டுந்தான் அசால்ட்டா இருந்துட்டா" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. "அது நாந்தாங்க! அவ இல்ல!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். அவள் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "இன்னாம்மா சொல்ற? எங்கிட்டகூட அவ சொல்லலியே. அன்னிக்கி நானும் அவளத் திட்டி, சாப்புடாமப் படுத்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை. பாவி, நான் அதை நினைத்தும் பார்க்கவில்லை.

அவள் கட்டிய நான்கு மூட்டைகளில் மூன்றை மறுநாள் துவைத்தேன். நான்காவது வெள்ளை மூட்டை, விடுதியின் படுக்கை விரிப்புகள். அதை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. அவள் போட்ட முடிச்சோடு அப்படியே வைத்திருக்கிறேன். முதலாளி கேட்டால், நான்தான் வைத்தேன் என்று சொல்வேன்.