இன்னொரு படம்

என் அத்தானை எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். அக்காவைக் கட்டியவர் என்பதால் நான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை. கெட்டுப்போன படம் என்று ஒன்றுகூட அவர் பேரில் நோட்டில் ஏறியதில்லை. மற்றவர்கள் மாதத்துக்கு நாலைந்து படத்தை வீணாக்கிவிட்டுத் தலைகுனிந்து கையெழுத்துப் போடுவார்கள். இவர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார்.

படம் கழுவும் மருந்து நாள்பட நாள்பட வீரியம் குறையும், படம் வெளுத்துப்போகும். புது மருந்து கேட்டால் நிர்வாகம் மாதக்கணக்கில் காதில் போட்டுக்கொள்ளாது. அதனால் அத்தான் கதிரைக் கொஞ்சம் கூட்டுவார், படத்தை மருந்துத் தொட்டியில் கூடுதலாக இரண்டு நிமிடம் ஊறவிடுவார். கறுப்பு சரியாக வந்துவிடும். கூடுதல் கதிர் யார் உடம்பில் விழுந்தது என்று எழுத எந்த நோட்டிலும் இடமில்லை.

அக்காவுக்கு மூன்று வாரமாக இருமல். தானே படம் எடுப்பதாகச் சொல்லி அழைத்துப்போனார். துணைக்கு நானும் போனேன். அன்று காலைதான் தொட்டியில் புது மருந்து ஊற்றியிருந்தார். ஊற்றியவர் அவரேதான். ஆனால் கை பழைய பழக்கத்திலேயே ஓடியது: அதே கூடுதல் கதிர், அதே கூடுதல் நேரம். படம் அடுப்புக்கரியாக வந்தது.

"ரொம்பக் கறுப்பா இருக்கே அத்தான், இன்னொண்ணு எடுங்களேன்."

"எடுத்தா நோட்டுல எழுதணும் மாப்ளே. இது போதும், போ."

டாக்டர் அவசரத்தில் பார்த்துவிட்டு, நுரையீரல் சுத்தம் என்று இருமல் மருந்து கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து அக்கா ரத்தம் துப்பினாள். வேறு மருத்துவமனையில் எடுத்த படத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. காலம் கடந்துவிட்டது என்றார்கள். அத்தான் பழைய படத்தைத் தேடி எடுத்து, பெரிய பல்புக்கு நேராகப் பிடித்தார். அந்தக் கறுப்புக்குள் பட்டாணி அளவில் வெள்ளையாக ஒன்று இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தலையில் அடித்து அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

அக்கா படுத்தபடி கேட்டாள். "ஏங்க, அந்தப் பழைய படத்துல இது இருந்துச்சா?"

"இல்லம்மா. அப்ப சுத்தமா இருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை.

"ஆமாக்கா, அப்ப ஒண்ணும் இல்ல."

"நல்லவேளை," என்றாள். "இருந்திருந்தா இந்த மனுசன் தாங்கமாட்டாரு."