மூச்சுச் சத்தத்துக்கு வந்த பதில்

அம்மாவின் சந்நிதியில் கூடியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் பரமேஸ்வரி. புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறேன். இதை எழுதியது நான். வாசிப்பவர் என் வீட்டுக்காரர் சந்திரன். நான் பேசினால் நாலு வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும், உங்களுக்கும் வீட்டுக்குப் போக நேரமாகிவிடும். எழுதியதை அப்படியே வாசிக்க வேண்டும், நடுவில் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயும் தெரியும். நான் சிங்கப்பூர் ரோட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கக் கத்துவதுதான் என் பிழைப்பு. "கண்ணாடியப் பாரு! சிக்னல் போடு! ஐயோ, பிரேக்கு, பிரேக்கு!" என்னிடம் படிக்கிறவர்கள் டெஸ்டில் பாஸாவதே என் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் என்று சந்திரன் சொல்வார். இந்த வழிபாட்டுக் குழுவிலும் அன்னதானத்துக்கு வரிசை நிற்க வைக்க என்னைத்தான் அனுப்புவீர்கள். மைக் தேவைப்பட்டதே இல்லை.

போன வருடம் தைப்பூசம் முடிந்ததும் அந்தத் தொண்டை கம்மியது. கத்திக் கத்தி இப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன். இஞ்சி, தேன், மிளகு, அதிமதுரம் என்று தேக்கா மார்க்கெட்டில் கிடைத்ததை எல்லாம் வாங்கிக் குடித்தேன். சித்திரை பிறந்தபோது குரல் வெறும் காற்றாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். பிறகு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், இனிமேல் மூச்சு அந்த வழியாகத்தான். எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. தள்ளிப்போட்டால் எந்த உறுதியும் தர முடியாது.

நான் தலையை ஆட்டினேன். முடியாது. கையெழுத்துப் போட மாட்டேன்.

டாக்டர் யோசிக்க நேரம் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சந்திரன் சமையலறையில் நின்று அழுதார். "பரமு, எனக்கு நீ இருந்தாப் போதும். பேசவே வேணாம். ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிறேன்," என்றார். அவர் பேசுகிற அழகு எனக்குத் தெரியும். கடையில் மீன் விலை கேட்கவே கூச்சப்படுகிற மனிதர்.

குரல் போய்விடுமே என்று நான் பயப்படுவதாக அவர் நினைத்தார். அந்தப் பயமும் இருந்தது. ஆனால் என்னைக் கையெழுத்துப் போடவிடாமல் பிடித்து வைத்தது வேறு ஒரு கேள்வி. ஏங்க, இந்த இடத்தில் நிறுத்தாமல் வாசியுங்கள். கழுத்தில் ஓட்டையோடு ஒரு பெண் எப்படிப் புருஷன் பக்கத்தில் போய்ப் படுப்பாள்? இருமினால் சளி கழுத்து வழியாக வருமாம். அதைப் பார்த்த பிறகு அவர் என்னைத் தொடுவாரா? தொட்டாலும் பாவம் பார்த்துத் தொடுவாரா? இதுதான் என் கேள்வி. சாவதைவிட எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன்.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது? சந்திரனிடம் கேட்டால் "அதெல்லாம் ஒன்னுமில்ல" என்று உடனே சொல்லிவிடுவார். அவர் ஆறுதல் எனக்கு வேண்டாம். அதே ஆபரேஷன் ஆன ஒரு பெண் வேண்டும். உள்ளது உள்ளபடி சொல்கிற ஒருத்தி.

கிளினிக்கில் ஒரு நர்ஸ் எனக்கு ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்திருந்தார். குரல்வளையை எடுத்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் சேர்ந்து நடத்துகிற ஒரு சின்ன உதவிக் குழு. அடியில் ஒரு வீட்டு போன் நம்பர் மட்டும், மெசேஜ் அனுப்ப முடியாது. சந்திரன் தான் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டிவிட்டேன். அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்க வைக்க முடியுமா?

ஒரு கார்பார்க்கில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார். "ஹலோ? ஹலோ? யாரு?" என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. வைத்துவிட்டார். அடுத்த நாள் மறுபடியும் முயன்றேன். முக்கி முக்கி என் பெயரைச் சொல்லப் பார்த்தேன். புஸ் புஸ் என்று மூச்சுச் சத்தம் மட்டும் போனது. "இது ஸ்கேம்லா! ஏமாத்து வேலை! இனிமே கூப்பிட்டா போலீஸ்ல சொல்லிடுவேன்," என்று இங்கிலீஷில் திட்டிவிட்டு அந்தம்மா போனை வைத்துவிட்டார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குரல் போனவர்களுக்கு ஒரு குழு. அவர்களிடம் பேச ஒரு போன் நம்பர். வேறு எந்த வழியும் இல்லை. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம், கடைசியில் அழுகைதான் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே வந்தேன். நீங்கள் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தீர்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். பிறகு அதுவும் முடியாமல் தூண் ஓரமாகப் போய் நின்று அம்மாவிடம் சண்டை போட்டேன். மனசுக்குள்தான், ஆனால் நல்ல சண்டை. "ஆத்தா, உனக்குக் கண் இருக்கா? வாயை வச்சுப் பிழைக்கிறவகிட்ட வந்து வாயையே கேக்குறியே. சரி, எடுத்துக்கோ. குரலத் திருப்பிக் குடுன்னு நான் கேக்கல. என் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மனுஷியக் காட்டு. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட முடியாதுன்னு சொல்லப் போறேன். அதுக்குள்ள காட்டு. காட்டலேன்னா உன் இஷ்டம்." பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா எனக்கு டிஷ்யூ பேப்பர் கொடுத்தார். அது நீங்கள்தான் என்றால், மிகவும் நன்றி.

சனி, ஞாயிறு எதுவும் நடக்கவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சந்திரன் பதிவு செய்ய வரிசையில் நின்றார். நான் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தாங்கியில் அதே துண்டுப்பிரசுரங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் போன் நம்பருக்குக் கீழே ஒரு வெள்ளை ஸ்டிக்கர், கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. இந்த ஊரின் நாலு மொழியிலும் கையால் எழுதியிருந்தார்கள். "பேச முடியவில்லையா? எங்களுக்கு எழுதுங்கள். எந்த மொழியிலும் எழுதலாம்." அதற்குக் கீழே ஒரு இமெயில் முகவரி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நர்ஸ் எனக்குக் கொடுத்த பிரசுரத்தில் அந்த ஸ்டிக்கர் கிடையாது.

அங்கேயே போனை எடுத்து எழுதினேன். வணக்கம் இல்லை, முன்னுரை இல்லை. உங்களிடம் இப்போது சொன்ன கேள்வியை அப்படியே கொட்டினேன், இதைவிடப் பச்சையாக. அனுப்பிய பிறகுதான் வெட்கம் வந்தது. டாக்டர் அறைக்குள் போனபோது முடியாது என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். சந்திரனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மருந்து வாங்கிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தோம். சாவியைத் திருப்பும் முன் போனில் பதில் வந்திருந்தது. அதை இங்கே அப்படியே தருகிறேன், எழுதியவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

"பரமேஸ்வரி, நான் மல்லிகா. புக்கிட் மேராவுல இருக்கேன். எனக்கும் எடுத்துட்டாங்க. நீங்க கேட்டத எல்லாருமே மனசுக்குள்ள கேக்குறாங்க, வெளியில சொல்றதில்ல. மறைக்காமச் சொல்றேன். மொதல்ல என் வீட்டுக்காரர் பக்கத்துல வரவே பயந்தாரு. அருவருப்புன்னு நெனச்சு நான் அழுதேன். அப்புறம்தான் தெரிஞ்சது, தூக்கத்துல அவரு கை பட்டு எனக்கு மூச்சு அடைச்சிருமோன்னு பயந்திருக்காரு. துளையத் துடைக்கக் கத்துக் குடுத்தேன், பயம் போயிருச்சு. இப்ப பக்கத்துலதான் படுக்கிறோம். அவரு குறட்டைதான் பிரச்சனை, என் கழுத்து இல்ல. சளி வரும். பாக்க நல்லாத்தான் இருக்காது. பழகிடும். சண்டையில கத்த முடியலையேங்கிறதுதான் எனக்கு இன்னிக்கும் குறை. வேற என்ன கேக்கணுமோ கேளுங்க. நான் வீட்டுலதான் இருக்கேன்."

நான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தேன். சத்தமே வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. சந்திரன் பயந்துபோய், "என்ன பரமு, மூச்சுத் திணறுதா? டாக்டரக் கூப்பிடவா?" என்று பதறினார். பதில் பேச முடியாமல் போனை அவர் கையில் கொடுத்தேன்.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். பதிலுக்குக் கீழே, நான் எழுதியதும் அப்படியே இருந்தது.

அவர் மல்லிகா அக்கா எழுதியதைப் படித்தார். விரலால் தள்ளிக் கீழே போனார். அவர் முகம் மாறியபோதுதான் எனக்கு உறைத்தது. பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. முழுவதும் படித்தார். போனை மடியில் வைத்துவிட்டு, "லூசு," என்றார். "இத எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" நான் அழுதேன். அவரும் அழுதார். "பயப்படுவேன்தான் பரமு. பொய் சொல்லல. எனக்கு ரத்தத்தப் பாத்தாலே தலை சுத்தும். ஆனா கத்துக்குவேன். நீதான் எல்லாருக்கும் கத்துக் குடுக்குறவளாச்சே."

புதன்கிழமை கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு கதிர்வீச்சு. கஷ்டமான மாதங்கள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கு வாசனை போய்விட்டது. குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் நோய் நின்றுவிட்டது. கழுத்தில் ஒரு சின்ன வால்வு வைத்துப் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள். குரல் தகர டப்பா மாதிரி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். பாடம் எடுக்கவும் திரும்பப் போய்விட்டேன். டாஷ்போர்டில் ஓங்கித் தட்டினால் பிரேக் என்று அர்த்தம். முன்பைவிட இப்போதுதான் நன்றாகக் கற்றுக்கொடுக்கிறேன் என்கிறார்கள், நன்றி கெட்டவர்கள். துளையைத் துடைத்துவிடுவது யார் என்று கேட்கிறீர்களா? இதை வாசித்துக்கொண்டிருப்பவர்தான்.

அந்த ஸ்டிக்கர் எப்படி வந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மல்லிகா அக்கா சொன்னார். குழுவின் மாதக் கூட்டத்தில், போன் எடுக்கிற அந்தம்மா சலித்துக்கொண்டாராம். "யாரோ கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறும் மூச்சு மட்டும் விடுறாங்க. ஸ்கேம்லா, வேற என்ன?" அங்கே லிம் அங்கிள் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். குரல்வளை போய்ப் பல வருடம் ஆகிறது. கழுத்தில் ஒரு மின்கருவியை வைத்துப் பேசுவார். அவர் மேசையில் ஓங்கி அடித்தாராம். "அது ஸ்கேம் இல்ல. அது நம்ம ஆளு!" இத்தனை காலமும் மனைவியோ புருஷனோ பிள்ளையோதான் போன் செய்திருக்கிறார்கள். அதனால் குரல் போனவரே கூப்பிடுவார் என்று அந்தக் குழுவில் யாருக்குமே தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து இமெயில் முகவரியைத் திறந்து, ஸ்டிக்கர் எழுதினார்கள். திங்கட்கிழமை காலையில் மல்லிகா அக்கா கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்.

அந்தக் கூட்டம் நடந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் இந்தத் தூண் ஓரத்தில் நின்று அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்த அதே நேரம். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் சண்டை போட்டது யாரிடம் என்று எனக்குத் தெரியும். என்னைத் திட்டிய அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடித்து அழுதுவிட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இந்த ஊரில் தெரியாத நம்பர் வந்தால் நானும் அப்படித்தான் வைப்பேன்.

இப்போது அந்த இமெயிலை நானும் மல்லிகா அக்காவும் பார்த்துக்கொள்கிறோம். கமிட்டியில் ஒருவர், இணையத்தில் ஒரு படிவம் வைக்கலாம், பெயர், வயது, என்ன நோய் என்று எல்லாம் கேட்கலாம் என்றார். என் தகர டப்பாக் குரலில் அவரை ஒரு பிடி பிடித்தேன். பயந்து நடுங்குகிறவள் படிவமா நிரப்புவாள்? முகவரி சின்னதாக, பெரிய எழுத்தில் இருக்கட்டும். பெயர் சொல்லாமலும் எழுதட்டும். வந்த மெயிலுக்கு அன்றைக்கே ஒரு மனுஷர் தன் கையால் பதில் எழுதட்டும். அதோடு, எழுதியவர் சொன்னது பதிலுக்கு அடியில் தெரியாதபடி நான் அழித்துவிடுகிறேன். எல்லாருக்கும் சந்திரன் வாய்ப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அம்மாவிடம் அழகாகக் கேட்கத் தெரியவில்லை என்று பின்வாங்காதீர்கள். குரல் இல்லாமல் கேளுங்கள், கோபத்தில் கேளுங்கள், எப்படியாவது கேளுங்கள். அவளுக்குக் கேட்கும். பதில் ஒரு மனுஷர் வழியாக வரும். நம்மில் யாராவது ஒருவர் அந்த மனுஷராக இருக்க வேண்டியிருக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

போன வாரம் துவாஸில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதியிலிருந்து ஒரு மெயில் வந்தது. கப்பல் பட்டறையில் வேலை செய்கிற தம்பி. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். நோயைப் பற்றி அவர்களுக்கு அப்போது சொல்லியிருக்கவில்லை. ஒரே வரி எழுதியிருந்தார். "அங்க யாராச்சும் இருக்கீங்களா?" நான் உடனே எழுதினேன். "இருக்கோம் தம்பி. சாப்பிட்டீங்களா?" அதற்குப் பிறகு அவர் எழுதிக்கொண்டே இருக்கிறார். நேற்று மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

அவர் இன்றைக்கு நம் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். யாரென்று திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆபரேஷன். நானும் சந்திரனும் கூடப் போகிறோம். இப்போது பாட்டு ஆரம்பிக்கும்போது, அவருக்கும் சேர்த்து நீங்கள் கொஞ்சம் சத்தமாகப் பாடுங்கள்.