திருநீறு போட்டுத் துலக்கிய வெள்ளி டொலர்

1996 பெப்ரவரி, சனிக்கிழமை காலை எட்டு மணி. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் பஸ் புறப்பட்டது. ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். போக வர எழுபத்தெட்டு டொலர். என் உள்சட்டைப் பையில், பையின் வாயை ஊசி குத்தி மூடி, 1799ஆம் ஆண்டு அமெரிக்க வெள்ளி டொலர் ஒன்று இருந்தது. அது என்னுடையதில்லை. அதனால்தான் அவ்வளவு பயம்.

நான் வேலை செய்யும் பேக்கரியின் முதலாளி ரோசா அம்மாவுடையது அது. இறந்துபோன அவருடைய கணவர் மொன்றியலில் பழங்காசுக் கடையொன்றில் வாங்கியது. பேக்கரி அடுப்பு பழுதாகிவிட்டது. திருத்த ஆயிரத்து நூறு டொலர் வேண்டும். முழங்கால் வலிக்காரியான அவர், "அதே கடையில் காட்டித் தரம் பார்த்து விற்றுவிட்டு வா" என்று என்னை அனுப்பினார். அடுப்பு எரியாவிட்டால் எனக்கும் வேலையில்லை.

கறுத்துக் கிடந்த காசை அப்படியே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாமியறை வெள்ளிச் சாமான்களைத் துலக்கிய கையோடு, அதையும் திருநீறு போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பெரிய வேலை செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

கிங்ஸ்ரனில் பஸ் இருபது நிமிடம் நின்றது. கழிப்பறைக்குள் போய் இரண்டு தரம் பையைத் தடவிப் பார்த்தேன். பக்கத்து ஆசனக்காரர் என் நெஞ்சையே பார்ப்பதுபோல இருந்தது. பாவம், மனிதர் யன்னலைத்தான் பார்த்திருப்பார்.

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு மொன்றியல். மனைவியின் தம்பி குகன் காத்து நின்றான்.

"ஏன் அத்தான் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்? சுகமில்லையோ?"

"பேந்து சொல்லுறன். நட."

மெத்ரோ ரயிலில் இரண்டு நிறுத்தம் போவதற்குள் அவனுக்கு விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் "போன்ஜூர்" சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். காசை நிறுத்தார், இருபத்தேழு கிராமுக்குச் சற்றுக் குறைவு. விளிம்பில் பொறித்த எழுத்துகளைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். "உண்மையானது" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு பூதக்கண்ணாடியை வைத்து, விளக்குக்குக் கீழே காசைச் சரித்துச் சரித்துப் பார்த்தார். முகம் மாறியது. உள்ளே போய்ப் பழைய படமொன்றை எடுத்துவந்தார். இதே காசு, சாம்பல் நிறத்தில்.

"துலக்காத காசாகத்தான் இதை விற்றேன். யார் தேய்த்தது?"

குகன் மெல்லச் சொன்னான்: "முதலாளி மனிசிதான் தேய்ச்சவ எண்டு சொல்லுங்கோ அத்தான். ஆருக்குத் தெரியும்?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான்" என்றேன்.

கண்ணாடியை என்னிடம் நீட்டினார். காசின் முகமெங்கும் மயிரிழை போலக் கீறல்கள். 1799 அவ்வளவு அரிதான ஆண்டில்லையாம். கை படாமல் இருந்ததுதான் அரிதாம். அப்படியே கொண்டுவந்திருந்தால் ஆயிரத்து இருநூறு. இனி அறுநூறு.

கடைத் தொலைபேசியில் ரோசா அம்மாவை அழைத்துச் சொன்னேன்.

"எதால் தேய்த்தாய்?"

"நெற்றியில் பூசும் சாம்பலால்."

"விற்றுவிட்டு வா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அறுநூறு டொலரைக் கடித உறையில் வாங்கிக்கொண்டு, மொன்றியல் வடக்கில் குகன் வீட்டில் தங்கி, ஞாயிறு காலை பஸ் ஏறினேன். வரும்போது காசு தொலைந்துவிடுமோ என்று பயந்தேன். திரும்பும்போது பஸ் போய்ச் சேர்ந்துவிடுமே என்று பயந்தேன். ஆறரை மணி நேரமும் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை திருநீற்றுத் தட்டுக்குக் கை போகவில்லை. வெறும் நெற்றியோடு பேக்கரிக்குப் போனேன். ரோசா அம்மா கடித உறையை வாங்கி, எண்ணாமலே மேசை லாச்சிக்குள் போட்டார்.

"இரண்டு தட்டு அடுப்பு. ஒரு தட்டைத் திருத்தலாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சாம்பல் எங்கே?"

"இன்றைக்குப் பூசவில்லை."

மாப் படிந்த விரலால் என் வெறும் நெற்றியைத் தொட்டார்.

"நாளைக்குப் பூசிக்கொண்டு வா. அது இங்கேதான் நல்லது."